இன்னும் இருக்கிறீர்களா?

‘நிபந்தனைகள் அனைத்தையும் படித்தேன்’ என்ற கட்டத்தில், நிஜமாகவே அனைத்தையும் படித்துவிட்டுத்தான் டிக் போடுவேன் என்று நிற்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் என் மனைவிதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு கம்பெனிக்காரர் கணக்கெடுத்து என் முகத்துக்கு நேராகச் சொன்னது. அவர் பின்னால் வருவார்.

அவள் தையல்காரி. தெருமுனையில் ஒரு மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, ஒரு மறைப்புத் துணி, அவ்வளவுதான் கடை. எல்லோரும் டெய்லரம்மா என்பார்கள். நான் முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே அந்தக் கடையில் பட்டன் தைக்கிற உத்தியோகத்தில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு.

கடை லைசென்ஸை வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். காகிதத்தில் நடந்துகொண்டிருந்ததை ஒரு வருஷம் வலைத்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாற்பத்து மூன்று கேள்வி. அதை முடித்தால்தான் பதினோரு பக்க நிபந்தனை திறக்கும். அதற்கும் அடியில் அந்த டிக் கட்டம். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம். பத்தாவது நிமிஷம் முடிந்ததும் பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் மனைவி ஒரு விரலால் டைப் அடிக்கிறவள். அந்த விரலிலும், ஊசி குத்தாமலிருக்க மாட்டுகிற தகரக் குல்லா இருக்கும். கழற்றச் சொன்னால், “அது இல்லாம விரல் வெறும் உடம்பா நிக்கற மாதிரி இருக்குங்க” என்பாள். டொக், டொக் என்று கேள்விகளுக்கு எட்டு நிமிஷம். நிபந்தனைகளை வரி விடாமல் படிக்க ஒன்பது நிமிஷம். ஆகப் பதினேழு.

“டிக்கைப் போட்டுட்டுப் போயேன். அதை யாரு படிக்கறா?”

“படிச்சேன்னு எழுதியிருக்கே. படிக்காம போட்டா அது பொய்யில்லையா?”

“ஊரே போடுது.”

“ஊர் கடைக்கா லைசென்ஸ் வாங்கறேன்? என் கடைக்கு வாங்கறேன்.”

நான்கு தடவை முயன்றாள். நான்கு தடவையும் நிபந்தனையின் மூன்றாம் பக்கத்தில் வைத்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. நேராக நாலாம் பக்கத்துக்குத் தாவிப் படிக்கலாமே என்றேன். “முன்னாடி படிச்ச மூணு பக்கம் இதுக்குள்ள மாறலன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?” என்றாள். கடைசித் தேதி அன்று மாலை, கடை போய்விடுமே என்ற பயத்தில், நானே உட்கார்ந்து அடித்து, டிக் போட்டு, ஆறு நிமிஷத்தில் முடித்தேன்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் பேசினாள்.

“கடையை உங்க பேர்லயே மாத்திக்கோங்க. நீங்கதானே வாங்கினீங்க.”

இருபத்தாறு வருஷமாக அவள் கைப்பட நடத்திய கடை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: தன் கடைக்கான அந்தக் கடைசிப் பட்டனைத் தானே படித்து, தானே டிக் போட்டு, தானே அழுத்த வேண்டும். எனக்கு வேண்டியதும் ஒன்றுதான்: வீட்டில் யாராவது என்னோடு பேச வேண்டும்.

லைசென்ஸ் அலுவலகத்துக்கு எழுதினேன். அது பக்கத்தைச் செய்து கொடுத்தவர்கள் பாடு என்றார்கள். செய்து கொடுத்தவர்களுக்கு எழுதினேன். நேரம் முடிவதற்கு முன் ஆளைக் கேட்கிற வசதி பிரவுசரில் கிடையாது என்றார்கள். பிரவுசர்காரர்களுக்கு எழுதினேன். எல்லா பிரவுசருக்குமான பொதுவிதியில் இல்லாததை நாங்கள் மட்டும் செய்தால் எங்கள் பிரவுசரில் மட்டும்தான் ஓடும், பொதுவிதி எழுதுகிற குழுவிடம் போங்கள் என்றார்கள். இந்த இடத்தில் சாதாரண மனிதன் வீட்டுக்குத் திரும்பியிருப்பான். என் வீட்டில்தான் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லையே. அதனால் குழுவுக்கும் எழுதினேன்.

மறுநாளே பதில். “யார் வேண்டுமானாலும் சேரலாம். உங்கள் யோசனையை எழுதி அனுப்புங்கள்.”

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று எழுதியிருந்த வண்டியை நான் பார்த்ததே இல்லை. ஏறிவிட்டேன்.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எல்லாம் என் தொழிலில் கற்றதுதான். கண்டக்டர் விசில் அடிக்கும் முன் படிக்கட்டைத் திரும்பிப் பார்ப்பான். ஒரு கால் தரையில் இருந்தால் விசில் வாய்க்குப் போகாது. அதுபோல ஒரு பக்கம் மூடிக்கொள்வதற்கு ஒரு நிமிஷம் முன்னால், ‘இன்னும் இருக்கிறீர்களா?’ என்று கேட்க வேண்டும். கீழே இரண்டு பட்டன். ஒன்று ‘இருக்கிறேன்’, ஒன்று ‘இல்லை’. இருக்கிறேன் என்றால் இன்னொரு பத்து நிமிஷம்.

அந்த ஒன்றரைப் பக்கத்தைக் குழு இரண்டு வருஷத்தில் அறுபத்திரண்டு பக்கமாக்கியது. கேலி செய்யவில்லை. கண் தெரியாதவருக்கு அந்தக் கேள்வி எப்படிக் காதில் விழும், போன் கையில் இருக்கும்போது எங்கே தெரியும், திருடன் அதை வைத்து என்ன செய்யலாம் என்று நான் கனவிலும் நினைக்காததை எல்லாம் யோசித்தார்கள். நானூறு கடிதம் வந்தது. அதில் நூற்றெழுபது, பட்டன் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைப் பற்றி. ஒருவர் நடுவில் வைக்கலாம் என்றார். அவரோடு இரு தரப்பும் பேச்சை நிறுத்திக்கொண்டது.

அந்த இரண்டு வருஷமும் டெய்லரம்மா முதலில் முயன்றாள், மூன்றாம் பக்கத்தில் விழுந்தாள். நான் அடித்துக் கொடுத்தேன். பேசாத நாள் ஒன்பதிலிருந்து பதின்மூன்றாயிற்று.

கடைசியில் முடிவெடுக்கிற கூட்டம் வந்தது. ரயிலில் நாலு மணி நேரம். “நானும் வரேன். என் பேரைச் சொல்லித்தானே ஊர் சுத்தறீங்க” என்று அவளும் ஏறிக்கொண்டாள். ரயிலில் அந்த அறுபத்திரண்டு பக்கத்தையும் படித்துக்கொண்டே வந்தாள்.

ஒரு கல்லூரியின் மூன்றாம் மாடியில் நீளமான அறை. வாடகை இல்லாமல் கிடைத்ததால் எட்டு வருஷமாக அங்கேதான் கூடுகிறார்கள். இருபத்தெட்டு நாற்காலி, அதில் ஐந்து ஆடும். மூலையில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று. தலைவி அந்தக் கல்லூரியிலேயே பாடம் நடத்துகிறவர். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற அம்மாள்.

பெரிய பிரவுசர் கம்பெனியிலிருந்து வந்திருந்தவருக்கு நான் ‘ஆனால்’ என்று பெயர் வைத்திருந்தேன். “நல்ல யோசனைதான், ஆனால்” என்று தொடங்காமல் அவருக்குப் பேச வராது. நல்ல மனிதர். எனக்கு பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

“நல்ல யோசனைதான், ஆனால், இதுக்கு என்ன அவசியம்?” என்று ஆரம்பித்தார். அவருடைய கம்பெனி, எந்தப் பக்கத்தில் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று எண்ணுகிற வேலையும் செய்தது. “இந்த மாதிரி நிபந்தனைப் பக்கத்துல ஜனங்க சராசரியா நாலு செகண்ட் நிக்கறாங்க. முழுசா படிக்கணும்னு பாக்கற ஆள் எங்க கணக்குல யாருமே இல்ல. ஒரே ஒருத்தர், ஒரு லைசென்ஸ் தளத்துல, மூணு வருஷமா மூணாவது பக்கம் வரைக்கும் வந்து வந்து விழுந்திருக்காங்க. அது ஏதோ மெஷின் கோளாறுன்னு விட்டுட்டோம்.”

“கோளாறு இல்ல தம்பி. நாந்தான்” என்றாள் என் மனைவி.

இருபத்தெட்டு நாற்காலியும் திரும்பின. ஆடுகிற ஐந்தும் கிறீச்சென்றன.

“நீங்க... படிப்பீங்களா?” என்றார் தலைவி.

“படிச்சேன்னு போடணும்ல?” என்றவள் பையிலிருந்து அறுபத்திரண்டு பக்கத்தை எடுத்தாள். “இதையும் படிச்சேன். பத்தொன்பதாம் பக்கத்துல ஒரு நிமிஷம்னு இருக்கு, நாப்பதாம் பக்கத்துல அம்பது செகண்ட்னு இருக்கு. எது சரி?”

அந்தக் குழுவினரின் வாழ்நாள் துக்கம் எனக்கு அன்றுதான் புரிந்தது. இரவு பகலாக விதி எழுதுகிறார்கள். யாரும் படிப்பதில்லை. பிரவுசர் செய்கிறவன்கூட நடுவிலிருந்து நாலு வரி பார்த்துவிட்டு ஓடிவிடுகிறான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரு ஜீவன், விரலில் தகரக் குல்லாவோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறது. தலைவி கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் எழுந்து வந்து, தான் எழுதிய வேறொரு விதியைப் பணிவாக அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார். அது முந்நூறு பக்கம்.

“நல்ல யோசனைதான்” என்றார் ‘ஆனால்’, குரல் இறங்கி. “ஆனால், ‘இல்லை’ன்னு ஒரு பட்டன் எதுக்குங்க? போறவங்க போயிடப் போறாங்க. அதை யாரு அழுத்துவா?”

“வீட்டுக்கு வந்தவங்க போறப்ப சொல்லிட்டுப் போக மாட்டாங்களா?” என்றாள் என் மனைவி.

பட்டன் தங்கியது.

அங்கே ஓட்டுப் போடுவதில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால், ஒரு கம்பெனி நூறு பேரை ரயிலேற்றி அனுப்பிவிட்டால் விதி அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுவார்கள். முதலில் சம்மதிக்கிறவர்கள், அடுத்து எதிர்க்கிறவர்கள். கண் மூடியிருப்பதால் முதலாளிக்கு எதிராக முனகவும் பயமில்லை. எந்த முனகல் கனமோ அது நிற்கும். எதிர்ப்பு விடாப்பிடியாகக் கேட்டால் இணக்கம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். தொண்டை சுத்தமாக இருக்க வேண்டும் என்று, முனகுவதற்கு முன் தலைவி ஃப்ரிட்ஜைத் திறந்து எல்லோருக்கும் ஜில்லென்று தண்ணீர் கொடுப்பார். எட்டு வருஷத்துப் பழக்கம்.

தண்ணீர் குடித்தோம். கண்ணை மூடினோம். “சம்மதிக்கிறவங்க?” என்றார். ம்ம்ம் என்று பஸ் ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி எழுந்தது. என் மனைவியுடையது அதில் மெஷின் மிதிக்கிற தாளத்தில் தனியாகக் கேட்டது.

“எதிர்க்கிறவங்க?”

அடித்தொண்டையிலிருந்து ஒரு ம்ம்ம். மூச்சு வாங்காமல், இறங்காமல், அசராமல்.

தலைவி கண் திறந்து பெருமூச்சு விட்டார். “இணக்கம் இல்ல. அடுத்த வருஷம் பாப்போம்.”

மூன்று வருஷம். ஆனாலைப் பார்த்தேன். அவர் என்னைவிட அதிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“சத்தியமா நான் இல்லீங்க” என்றார். ‘ஆனால்’ இல்லாமல் அவர் பேசிய முதல் வாக்கியம்.

எல்லோரும் எழுந்து பேசத் தொடங்கினார்கள். என் மனைவி மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, எல்லாரையும் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்க.”

கண்டக்டர் குரலில் சொன்னேன். அடங்கியது. ம்ம்ம் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“இது மனுஷத் தொண்டை இல்ல. மோட்டார். பெல்ட் தளர்ந்த என் பழைய மெஷின் இப்படித்தான் முனகும்” என்று எழுந்து மூலைக்குப் போய், ஃப்ரிட்ஜின் மேல் காதை வைத்தாள். வைத்தபடியே பிளக்கைப் பிடுங்கினாள்.

எதிர்ப்பு நின்றது.

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து மூடினால், இரண்டு நிமிஷம் கழித்து உள்ளே மோட்டார் ஓடத் தொடங்கும். எட்டு வருஷமாகத் தலைவி தண்ணீர் கொடுத்திருக்கிறார். அதில் பல தடவை சரியாக இரண்டாவது கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கிறது. பழைய நோட்டுகளைப் புரட்டினார்கள். மற்றவர்களின் எதிர்ப்பே இல்லாமல், ஃப்ரிட்ஜ் தனியாக நின்று தோற்கடித்த யோசனைகள் பதினான்கு. திரும்ப எடுத்துப் பார்த்ததில் மூன்று உண்மையிலேயே மோசமானவை. ஆக அதற்கும் கொஞ்சம் விவரம் இருந்திருக்கிறது.

மறுபடி கண்ணை மூடினோம். மறுபடி “எதிர்க்கிறவங்க?” ஒரு சத்தமில்லை. ‘ஆனால்’ மட்டும் இருமினார். “இருமல்தாங்க, இருமல்தாங்க” என்று அவசரமாகச் சொன்னார்.

அதோடு முடிந்தது என்று நினைத்து நான் பையைத் தோளில் மாட்டினேன். முடியவில்லை. ஒரு யோசனை விதியாக வேண்டுமென்றால், ஒருவரை ஒருவர் காப்பியடிக்காமல் இரண்டு பிரவுசர்கள் அதைச் செய்து காட்ட வேண்டுமாம். பெரிய கம்பெனி பதினைந்து நாளில் செய்துவிடும் என்றார் ‘ஆனால்’. இரண்டாவது, நன்கொடையில் ஓடுகிற ஒரு சின்ன பிரவுசர். அதை எழுதுகிற பெண் கடைசி வரிசையில் இருந்தாள். ரெண்டாவது என்றே அவளை அழைப்பார்கள்.

“செய்யறேன் ஐயா. ஆனா என் லிஸ்ட்ல இது தொள்ளாயிரத்து நாலாவது வேலை. நான் ஒரே ஆள். யாராவது நாலு மாசச் சம்பளம் குடுத்தா, இதை முன்னாடி இழுத்துக்கலாம்.”

கம்பெனிக்காரர்கள் எல்லோரும் திடீரென்று கூரையைப் பார்த்தார்கள். விதி வந்தால் எல்லோருக்கும் லாபம்தான். காசை மட்டும் பக்கத்து நாற்காலி கொடுக்கும் என்று ஒவ்வொரு நாற்காலியும் நம்பிக்கொண்டிருந்தது. இந்த முகபாவம் எனக்குப் புதிதா? முப்பத்தொரு வருஷம் பார்த்த முகம். பஸ்ஸில் ஏறிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிற முகம்.

என் பழைய தோல் பை கையில்தான் இருந்தது. அதை முன்னால் தள்ளிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினேன்.

“டிக்கெட், டிக்கெட்! ஏறினவங்க எல்லாம் டிக்கெட் எடுங்க! சார், ஜன்னலை விட்டு இங்க பாருங்க, எதுவரைக்கும் போறீங்க?”

“நான்... முதலாளியைக் கேக்கணும்...”

“போன் பண்ணுங்க. வண்டி நிக்கும். அம்மா, நீங்க? அரை மாசமா ஒரு மாசமா?”

“அரை மாசம்.”

“இந்தாங்க சீட்டு. இறங்கற வரைக்கும் பத்திரமா வைச்சுக்கோங்க, செக்கிங் வரும். ஆனால் சார்?”

“எங்களோடதுதான் போட்டி பிரவுசர். நாங்க எப்படிங்க...”

“அவங்க செய்யலன்னா உங்களோடதும் விதி ஆகாதே. ரெண்டு சக்கரமும் சுத்தினாத்தானே வண்டி?”

அவர் சிரித்துவிட்டு ஒரு மாதச் சீட்டு எடுத்தார். நிகழ்ச்சி நிரல் தாளைக் கிழித்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, எல்லோருக்கும் சீட்டு கொடுத்தேன். கடைசி வரிசை வருவதற்குள் நாலு மாதமும் பத்து நாளும் சேர்ந்தது. பத்து நாளைத் தலைவி திருப்பிக் கொடுக்கச் சொன்னார். சில்லறை இல்லை என்று சொல்லிவிட்டேன். பழக்கதோஷம்.

ஐந்தாம் மாதம் ரெண்டாவது முடித்துவிட்டாள். விதி வெளிவந்தது. வாணவேடிக்கை எதுவும் நடக்கவில்லை. லைசென்ஸ் தளத்துக்காரர்கள் அதைக் கேட்டுக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் பக்கம் செய்யப் பயன்படுத்துகிற கருவி ஒரு நாள் புதுப்பித்துக்கொண்டபோது, கூடவே இதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நல்ல விஷயம் பெரும்பாலும் இப்படித்தான் டிக்கெட் எடுக்காமல் வருகிறது.

லைசென்ஸ் புதுப்பிக்கிற நாள் வந்தது. டெய்லரம்மா மெஷினை மூடிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “பின்னாடி நின்னு மூச்சு விடாதீங்க” என்றாள். நான் வாசலில் போய் நின்று மூச்சு விட்டேன். டொக், டொக். எட்டு நிமிஷம். நிபந்தனை திறந்தது. ஒன்பதாவது நிமிஷம்.

“ஏங்க! ஏங்க, இங்க வாங்களேன்!”

ஓடினேன். திரையின் நடுவில் இருந்தது. ‘இன்னும் இருக்கிறீர்களா?’

“கேக்குதுங்க” என்றாள். திரையைப் பார்த்து, “இருக்கேன், இருக்கேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அழுத்தினாள்.

மூன்றாம் பக்கம் தாண்டியது. நாலு, ஐந்து. மனித குலம் காலடி வைக்காத எட்டாம் பக்கம், ஒன்பது, பத்து. பதினோராம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. ஒரு வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

“மூணு வருஷம் நீங்க டிக் போட்டீங்களே. படிச்சுட்டுத்தானே போட்டீங்க?”

“என்ன போட்டிருக்கு?”

குனிந்து பார்த்தேன். ‘ஒரே ஒரு தையல் மெஷின் மட்டும் உள்ள கடைகளுக்கு இந்த லைசென்ஸ் தேவையில்லை.’

ஒரு மனிதன் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்ற இடங்களைக் கணக்கெடுத்தால், எங்கள் கடை முதலில் வரும். கட்டிய மூன்று வருஷக் கட்டணம், மூன்று வருஷச் சண்டை, நானூறு கடிதம், பதினான்கு யோசனை, ஒரு ஃப்ரிட்ஜ். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முனகினேனா என்று ஞாபகமில்லை.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். குல்லா போட்ட விரலால் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணாடி கழன்று மடியில் விழுகிற வரை சிரித்தாள். இதற்குள் நேரம் ஓடிவிட்டிருந்தது. திரையில் மறுபடி அது வந்தது. ‘இன்னும் இருக்கிறீர்களா?’

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“இத்தனை தடவை நீ சொல்லாம மூடின. இப்ப நான் சொல்லிட்டு மூடறேன்” என்று பக்கத்திடம் சொன்னாள்.

டொக்.

‘இல்லை.’

ஆனாலுக்கு அன்றே எழுதிப் போட்டேன். பட்டனை அழுத்த ஆள் இருக்கிறது என்று.